கூட்ரோட்டில் பஸ் ஏறு, தங்கச்சி!

எதைப் படிக்கலாம், எதைப் பார்க்கலாம் என்று கேட்கிற தங்கச்சிகளுக்கு அக்கா முதலில் சொல்வது, பஸ் ஏறு என்பதுதான். விருத்தாசலம் பக்கத்துக் கருவேப்பிலங்குறிச்சியில் இருந்துகொண்டு இலக்கியமும் கலையும் சென்னையில்தான் இருக்கிறது என்று நினைக்காதே. அரை நாளில் போய்வருகிற தூரத்துக்குள் தேவாரத் தலம் இருக்கிறது, கிறிஸ்தவக் காப்பியத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஊர் இருக்கிறது, சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவலாசிரியர் இருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே விதமாக அணுகினால்தான் ஒன்றும் ஒட்டாமல் போகும்.

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலிலிருந்து ஆரம்பி. பெரியவர்கள் அவசரமாக உள்ளே இழுத்துப் போவார்கள். நீ கோபுர வாசலிலேயே நின்றுவிடு. உள்பக்கச் சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்களில் பெண்கள் ஆடுகிறார்கள். அவை நாட்டிய சாஸ்திரம் சொல்லும் கரணங்கள். சிதம்பரம், திருவண்ணாமலை கோபுரங்களிலும் இவை உண்டு. எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதே. ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள். எந்தக் கால் மடங்கியிருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது, கை எங்கே போகிறது என்று பார். பிறகு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதே மாதிரி நின்று பார். உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறது என்று தொடை சொல்லும். சிற்பி எதைக் கவனித்தான் என்பது அப்போதுதான் புரியும்.

தேவாரத்தைப் புத்தகமாகத் தொடங்காதே, காதால் தொடங்கு. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய ஊர் இது. ஓதுவார் பாடுகிற நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டு போய் உட்கார். பண் மனதில் ஏறிய பிறகு வரியைப் பார்த்தால் பாதி அர்த்தம் தானாக வந்துவிடும். சுந்தரர் இங்கே 12,000 பொன் வாங்கி மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இது நடந்ததா என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளி வை. கடவுளிடமே நண்பனாக நின்று உரிமையோடு கேட்கிற அந்தக் குரலைக் கவனி. பக்தி உள்ளவளுக்கும் இல்லாதவளுக்கும் அதில் கிடைக்க நிறைய இருக்கிறது.

அடுத்த பஸ் கோணான்குப்பத்துக்கு. முகாசபரூர் பக்கத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா ஆலயம் இருக்கிறது. மாதா தமிழ்ப் பெண் கோலத்தில் நிற்கிறாள். விருத்தாசலத்து அம்மனும் பெரியநாயகிதான். 1680இல் இத்தாலியில் பிறந்த இந்தப் பாதிரியார், சூசையப்பரை வளன் என்ற பெயரில் நாயகனாக்கித் தேம்பாவணி பாடினார். 36 படலம், 3,615 பாடல்! எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். அக்கா ஒரு வழி சொல்கிறேன், இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்.

கம்பராமாயணத்தில் நாட்டுப் படலம் இருக்கிறது. தேம்பாவணியிலும் இருக்கிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலும் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. ஒன்று ராமனுடைய கோசலம், ஒன்று யூதேயா, ஒன்று அரபு நாடு. மூன்று இடத்திலும் நம் வயல், நம் ஆற்று வெள்ளம், நம் நெல்! அரபு நாட்டில் ஏது நஞ்சை என்று புலவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு நாடு செழிப்பாக இருக்கிறது என்று தமிழில் பாட அவர்களுக்குத் தெரிந்த வழி அது. மூன்று மதத்துக்காரர்களும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள். இதைக் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு, அது அவர்கள் புத்தகம், இது நம் புத்தகம் என்று பிரிக்க எனக்கு மனசு வரவே இல்லை.

இந்த மூன்றையும் சந்தி பிரித்த பதிப்பாக வாங்கு. முதலில் பாட்டை வாய்விட்டு இரண்டு முறை படி, பிறகு உரை. உரையை முதலில் படித்துவிட்டால் பாட்டு வெறும் சாட்சியாகிவிடும். காசில்லை என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இந்த நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சைவ சித்தாந்த நூலான, பெண்ணாடத்து மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரம்தான். சின்ன நூல் என்று தனியாக இறங்காதே. சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கிற வரை காத்திரு.

நம் காலத்து எழுத்துக்கு வா. மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' நாவலை அம்மாவுக்கோ ஆயாவுக்கோ வாசித்துக் காட்டு. நாம் பள்ளிக்கூடத்தில் பேசக் கூச்சப்பட்ட பேச்சு அச்சில் நிமிர்ந்து நிற்கிறது. அவரே நடுநாட்டுச் சொல்லகராதியும் தொகுத்திருக்கிறார். விருத்தாசலத்தில் வாழ்ந்து எழுதுகிற இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது. இரண்டும் மனதை அழுத்தும். ஒரே மூச்சில் முடிக்காதே, ஆறுதலான முடிவையும் எதிர்பார்க்காதே. 'கோவேறு கழுதைகள்' நாவலில் ஆரோக்கியம் என்கிற வண்ணாத்தி படுகிற பாட்டைப் பார்த்துக் கண் கலங்குவதோடு நிறுத்தாமல், அவளை அப்படி வைத்தது யார் என்று கேள். நம் தெருவிலேயே பதில் இருக்கும்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனால் பிராது கட்டுவதைப் பார்க்கலாம். ஜனங்கள் தங்கள் குறையைக் காகிதத்தில் எழுதி முனியப்பர் முன் கட்டுகிறார்கள். அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்க்காதே. ஆனால் எழுதுகிறவர் முகத்தைப் பார். அலங்காரம் இல்லாமல் நடந்ததை நடந்தபடி எழுதுவதும் எழுத்துதான். எழுத ஆசைப்படும் தங்கச்சிகள் அங்கே கற்றுக்கொள்ளலாம்.

திரும்பும்போது விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பொம்மை வாங்கு. வாங்குவதற்கு முன் தலைகீழாகத் திருப்பிப் பார். உள்ளே கூடாக இருக்கும். குழைத்த மண் கரைசலை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் ஏடாகப் பிடிக்கும். மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். பக்கவாட்டில் விரலால் தடவினால் அச்சின் இரண்டு பாதி சேர்ந்த கோடு தட்டுப்படும், நன்றாகச் சுரண்டித் தேய்த்திருந்தால் தெரியாது. பிறகு கண்ணைப் பார். அச்சு ஒன்றுதான் என்றாலும் கண் கையால் எழுதியது. ஒரே அலமாரியில் உள்ள நாலு பொம்மைகளை வரிசையாக வைத்துப் பார்த்து, உனக்குப் பிடித்த பார்வையை நீயே தேர்ந்தெடு. பேரம் மட்டும் அடிக்காதே.

ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயிலின் நாயக்கர் காலத் தூண்களுக்குத் தனியாக ஒரு காலை வேளை ஒதுக்கு. மதியம் நடை சாத்திவிடுவார்கள்.