கைக்குத் தட்டுப்பட்டது

முக்கூடல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ பேசியதில் பாதி என் காதில் விழவில்லை. மீதியை நீ சொல்லவே இல்லை. "அத்தை, அங்கன ஒரு இது மாதிரி இருக்கு" என்றாய். எங்கன என்று கேட்டால், "அதான் அத்தை, மேல" என்றாய். ஹாஸ்டல் வராந்தாவில் யாரோ வந்திருப்பார்கள் போல, சட்டென்று "சாப்பிட்டாச்சு, வச்சிருதேன்" என்று வைத்துவிட்டாய்.

முப்பது வருஷம் கிராம சுகாதார நர்சாக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். அங்கன, கீழ, அந்த எடம் என்ற மூன்றே சொல்லை வைத்துக்கொண்டு பெண்கள் சொன்னதையெல்லாம் புரிந்துகொண்டிருக்கிறேன். ஆனால் விலங்கியல் படிக்கிற நம் வீட்டுப் பிள்ளையும் மார்பு என்று சொல்ல வாய் வராமல் நின்றால் வருத்தமாகத்தான் இருக்கிறது. கடிதத்தில் கூச்சம் கொஞ்சம் குறையும் என்று எழுதுகிறேன்.

முதலில் உன் கட்டி. உன் வயதில் மார்பில் கைக்குத் தட்டுப்படுவது பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்கிற சாதுவான கட்டி. புளியமுத்து மாதிரி வழவழப்பாக இருக்கும், அமுக்கினால் விரலுக்குப் பிடிகொடுக்காமல் நழுவி ஓடும். அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து டாக்டர்மார் அதற்கு மார்பு எலி என்றே பேர் வைத்திருக்கிறார்கள். புற்றுநோய் இல்லை. சின்னதாக இருந்தால் எடுக்கக்கூட வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சிலது தானாகவே சுருங்கிவிடும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் இரண்டு பக்கமும் கனத்து வலித்து, முடிச்சு முடிச்சாகத் தெரிந்து, விலக்கானதும் அடங்கிவிடுகிற வகை ஒன்றும் உண்டு. அதுவும் பயப்படும் சங்கதி இல்லை.

ஆனால் பெரும்பாலும் என்றுதானே சொன்னேன். அந்தச் சொல்லை உறுதியாக்க மூன்று காரியம் நடக்க வேண்டும். டாக்டர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுக்க வேண்டும் (உன் வயதுக்கு மேமோகிராம் சரிவராது, அல்ட்ராசவுண்டுதான்). சந்தேகம் என்றால் ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று உன் ஹாஸ்டலில் எவளாவது சொல்வாள். பரவாது. அந்தப் பேச்சை நம்பி வருஷக்கணக்கில் கட்டியை முந்தானைக்குள் மூடி வைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டி கல்லு மாதிரி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பது, மேல்தோல் குழிவிழுவது, ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாவது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தம் கசிவது, அக்குளில் கட்டி: இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும். வலி இல்லையே என்று சமாதானம் சொல்லக் கூடாது. கெட்ட கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

நம் ஊரில் இப்படிக் கட்டி கண்டுபிடித்தவர்களில் பாதிப் பேர் ஆற்றில்தான் கண்டுபிடித்திருப்பார்கள். முத்துமாலை அம்மன் கோயில் பக்கத்துப் படித்துறையில் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி, உள்ளே கைவிட்டுச் சோப்புப் போடும்போது, "என்னவோ தட்டுப்படுது" என்பார்கள். சோப்புக் கைக்கு எதுவும் நன்றாகத் தெரியும். அதற்காக மாதாமாதம் பயந்து பயந்து தேட வேண்டாம். அப்படித் தன் கையால் தேடுவதால் மட்டும் சாவு குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. உன் மார்பு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று உன் கைக்குத் தெரிந்திருந்தால் போதும், மாறினால் கை சொல்லிவிடும். பயிற்சி பெற்ற கை என்றால் இன்னும் நல்லது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் 1998-ல் தொடங்கி, சுகாதாரப் பணியாளர்களான பெண்களையே பழக்கி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடிசைப் பகுதிப் பெண்களின் மார்பைக் கையால் பரிசோதிக்க வைத்தார்கள். 50 வயதைத் தாண்டியவர்களில் மார்புப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. வெறும் கைதான்.

கை என்றதும் உன் ஆச்சி நினைவு வருகிறது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, பேச்சும் சிரிப்புமாக, குனிந்து பாராமலே பீடி சுற்றுவாள். இலையில் தூள் ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும். ஆயிரம் பீடியில் எண்ணிக்கை தப்பாது. தப்பினால் பீடிக்கடையில் கழித்துவிடுவார்கள் அல்லவா. அவளிடம் போய், மாதத்துக்கு எத்தனை நாள் ரத்தம் போகிறது என்று கேட்டால், "அது போய்க்கிட்டுத்தான் இருக்கு" என்பாள்.

நான் வேலையில் சேர்ந்த மறுவருஷம் அது. ஊரில் உள்ள கர்ப்பிணிகளுக்கெல்லாம் கண் இமையை இழுத்துப் பார்த்து ரத்தசோகை என்று எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் என் அம்மா, அதான் உன் ஆச்சி, அடுக்களையில் நின்று பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள், கண்டுகொள்ளவில்லை. ரத்தம் குறைந்தவர்களுக்கு அரிசி, மண், சாம்பல் என்று தின்னத் தோன்றும் என்று எனக்குப் பாடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். படித்துறையில் ஏழெட்டுப் படி ஏறுவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தாள். கேட்டால் உடம்புச் சூடு என்றாள். நானும் வெந்தயம் ஊறப்போட்டுக் கொடுத்தேன். மாதத்தில் பன்னிரண்டு நாள், கிழிந்த சேலைத் துணியை நாலு மடிப்பு வைத்துச் சமாளித்திருக்கிறாள். ஒருநாள் தட்டோடு சரிந்து விழுந்தபிறகுதான் பார்த்தோம். ஹீமோகுளோபின் 6. பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி. 50 வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு வருகிற, புற்றுநோய் அல்லாத கட்டிதான். நிறையப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. ஆச்சியைப் போலச் சிலருக்கு ரத்தத்தை வடித்துவிடும்.

நீ எண்ணு. முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை 21 முதல் 35 நாள் சாதாரணம். ஏழு நாளுக்குமேல் போனால், மணிக்கொரு பேடு நனைந்தால், இரண்டு விலக்குக்கு நடுவில் ரத்தம் பட்டால் சொல்ல வேண்டும். காலேஜுக்குப் போக முடியாமல் மாதாமாதம் சுருண்டு படுக்க வைக்கிற வலியையும், கல்யாணம் ஆனால் சரியாயிரும் என்று விடக் கூடாது. அது எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயாக இருக்கலாம். நீர்க்கட்டி என்று ஸ்கேனில் எழுதிவந்தால் உன் சிநேகிதிகள் அழுகிறார்கள் என்றாயே, பேர்தான் கட்டி. முதிராமல் நின்றுபோன முட்டைப் பைகள் அவை. பெரும்பாலும் அறுவை வேண்டியதில்லை. எடை, சாப்பாடு, நடை, தேவைப்பட்டால் மாத்திரை, அவ்வளவே. மாதவிலக்கே நின்றுபோய் ஒரு வருஷம் கழித்து ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் உடனே பார்க்க வேண்டும் என்பதை மட்டும் உன் அம்மாவுக்காக மனதில் வை.

வெள்ளைப்படுவதைப் பற்றி ஊரில் உள்ள கதை உனக்குத் தெரியும், எலும்பு உருகி வருகிறது என்பார்கள். எலும்பு உருகாது. தெளிவாக, வாடையில்லாமல் படுவது உடம்பு தன்னைத்தானே கழுவிக்கொள்வது. தயிர்த் திரள் போல வந்து அரித்தால் பூஞ்சை; மீன் வாடை அடித்தால் வேறு கிருமி. இரண்டுக்கும் மாத்திரை உண்டு.

ஆச்சிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அவளுக்கு அது தேவைதான். ஆனால் அன்றைக்கு டாக்டர் ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, "எடுத்துரலாம்" என்று எழுதிக் கொடுத்தார். நாங்களும் கேட்கவில்லை. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களுக்குத் தேவையில்லாமலே கர்ப்பப்பையை எடுத்த கதை பேப்பரில் நாறியது. தேவையற்ற இந்த அறுவையைத் தடுக்க, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. வீட்டில் யாருக்கு அப்படி எழுதினாலும் கேள்: என்ன காரணம், மாத்திரைக்கோ கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனத்துக்கோ அடங்காதா, சினைப்பையையும் சேர்த்தா எடுக்கிறீர்கள்?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தனிக் கதை. எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, உடலுறவில் தொற்றுவது. தொற்றினவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு வருஷத்தில் தானே போய்விடும். தங்கிவிட்டால் பத்துப் பதினைந்து வருஷம் எடுத்துத்தான் புற்றாக மாறும். அவ்வளவு கால அவகாசம் தருகிற புற்றுநோய் அபூர்வம். திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை மருத்துவமனையை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நர்சுகள் கிராமம் கிராமமாகப் போய், 30 முதல் 59 வயதுப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்தார்கள். ஒரு நிமிஷம். கெட்ட இடம் வெளுத்துக் காட்டும். அந்த இடத்தைக் குளிரால் உறைய வைத்து அழித்துவிடுவார்கள். ஒரே ஒரு தடவை பார்த்ததிலேயே நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்ததாக 2007-ல் லான்செட் இதழில் வந்தது. நர்சு ஜாதிக்கே பெருமை, எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று வைத்துக்கொள். உன் அம்மாவுக்கு 44 ஆகிறது, இன்னும் பார்க்கவில்லை. பீடி அட்டை வைத்திருக்கிறாள், பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு ஆஸ்பத்திரி இங்கேயே இருக்கிறது. காய்ச்சலுக்கு மட்டும் போவாள். உனக்கு இதற்கான தடுப்பூசி போடலாம், 15 வயதைத் தாண்டினவர்களுக்கு மூன்று ஊசி. புதன்கிழமை அதையும் கேட்போம்.

புதன்கிழமை முதல் பஸ்சில் வருகிறேன். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலில் நில். கடைசி மூன்று மாதவிலக்குத் தேதியை எழுதிக் கொண்டுவா. சீட்டு எழுதுகிறவர் என்ன தொந்தரவு என்று கேட்பார். நீதான் சொல்ல வேண்டும், நான் பின்னாலே நிற்பேன்.

ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு இவ்வளவு நீளம் எழுதுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எந்தப் பக்கம்?" என்றாள். நீ அதையும் சொல்லவில்லை.

உன் அத்தை