பல்கனியில் பாவற்கொடி: 12 குறிப்புகள்

யாழ்ப்பாணத்து வளவில் கிணற்றடியில் நாலு பாவல் விதையை ஊன்றிவிட்டால், மிச்சத்தை வெயிலும் தேனீயும் பார்த்துக்கொள்ளும். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நாலாம் மாடிக்குத் தேனீ எப்போதாவதுதான் வரும். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் வெயில் அளந்துதான் விழும். அந்த வேலைகளில் சிலவற்றை இங்கே நாங்கள்தான் செய்ய வேண்டும்.

1. முதலில் வெயிலைப் பாருங்கள். ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் கொடி ஓடும், காய்க்காது. பல்கனி தோதில்லை என்றால் மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள்.

2. கடலைப் பார்த்த வீடுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று உப்பைக் கொண்டுவந்து இலை விளிம்பைக் கருக்கிவிடும். நவம்பரில் விதைத்தால் ஜனவரி வெயிலில் காய் பிடிக்கும். உப்புக்காற்று பலமாக அடித்தால் மறுநாள் காலை இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

3. விதைத்தோல் தடிப்பானது. கூர்முனையை நகவெட்டியால் மெல்லக் கிள்ளி, ஓரிரவு ஊறவைத்து ஊன்றுங்கள். விதை வாங்கும்போது ‘தின்னவேலி வெள்ளை’, ‘எம்.சி. 43’ என்று இனத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

4. 20 லீற்றர் பெயின்ற் வாளி ஒரு கொடிக்குப் போதும். அடியில் ஐந்தாறு துளை போட்டு, மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் கலந்து நிரப்புங்கள்.

5. வாளிக்குக் கீழே தட்டு வைப்பதானால் அதை மணலால் நிரப்பிவிடுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும்.

6. கொடி படரத் தும்புக்கயிறு கட்டுங்கள். நைலோன் கயிறு வழுக்கும். தும்பின் சொரசொரப்பைக் கொடியின் சுருள்கள் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

7. முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண்பூக்கள். அவை உதிர்வதைக் கண்டு உரத்தை அள்ளிப் போடாதீர்கள். பெண்பூ பிந்தித்தான் வரும். அதன் இதழ்களுக்குக் கீழே விரல்நுனி அளவில் ஒரு குட்டிப் பாவற்காய் தெரியும்.

8. தேனீயின் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பாவற்பூ விடியலில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். ஆண்பூ ஒன்றைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். தடவாத பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தால் காரணம் இதுதான்.

9. இதழ் காய்ந்ததும் பிஞ்சைப் பத்திரிகைத் தாள் உறையால் மூடிக் கட்டுங்கள். பழ ஈ இளங்காயின் தோலுக்குள் முட்டையிடும். காய் வளைந்து, உள்ளே புழு வைக்கும். புழு வைத்த காயைச் சாடி மண்ணில் போடாமல் சொப்பிங் பையில் இறுகக் கட்டி எறியுங்கள்.

10. காய் இறுக்கமாக இருக்கும்போதே பறியுங்கள். முற்றவிட்டால் கொடி புதுக்காய் பிடிப்பது குறைந்துவிடும். பறித்ததைத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வாழைப்பழம், தக்காளிப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தால் விரைவில் பழுத்துவிடும்.

11. கசப்புக் குறைய, மெல்லிய வட்டங்களாக வெட்டி உப்பும் மஞ்சளும் பிரட்டிக் கால் மணித்தியாலம் வைத்துப் பிழியுங்கள். குழம்புக்குப் பழப்புளியும் கட்டித் தேங்காய்ப்பாலும் மிச்சக் கசப்பை அடக்கும். சம்பலுக்கு என்றால் மொறுமொறுப்பாகப் பொரித்து, வெங்காயம், பச்சைமிளகாய், மாசித்தூளுடன் பரிமாறும் நேரத்தில் கலவுங்கள். தேசிக்காய்ப்புளியை முன்கூட்டி விட்டால் பொரியல் நமுத்துவிடும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பாவற்சாறு குடிக்க வேண்டாம். சீனி அளவு மிதமிஞ்சி இறங்கலாம். கர்ப்பிணிகளும் சாற்றைத் தவிர்ப்பது நல்லது.

12. நல்ல காய் ஒன்றைக் கொடியிலேயே பழுக்க விடுங்கள். செம்மஞ்சளாகி வெடிக்கும்போது விதைகளை எடுத்து, சிவப்புச் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி ஜாம் போத்தலில் மூடிவையுங்கள். குழந்தைகள் எடுத்து வாயில் போடாதபடி உயரத்தில் வையுங்கள். போத்தலில் திகதியையும் எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த நவம்பருக்கு விதை தேடி அலையத் தேவையில்லை.