ஒளிரும் கல் வீட்டில் இருக்கிறதா? இன்றே செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

காரைக்கால் தருமபுரத்தில் என் சித்தி வீட்டுக் கொலு. கீழ்ப்படிக்கு முன்னால் பிள்ளைகள் பார்க் கட்டியிருந்தார்கள். குளத்துக்குக் கண்ணாடி, புல்லுக்குக் கேழ்வரகு முளை, மலைக்கு ஒரு நிஜக் கல். அறை விளக்கை அணைத்துவிட்டு, ரூபாய் நோட்டு சரிபார்க்கும் யூவி டார்ச்சை அதன் மேல் அடித்தான் பெரியவன். கல் முழுக்க எலுமிச்சைப் பச்சையில் பற்றிக்கொண்டது. தாம்பூலம் வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். என் கண் கல்லுக்கு அடியில் விரித்திருந்த நீலத் தாள் மேல் போனது. அதில் மஞ்சள் செதில்கள் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தன. சின்னவள் குனிந்து அதை ஊதிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கல் பிரான்ஸிலிருந்து வந்தது. காரைக்காலில் பிரான்ஸில் உறவு இல்லாத தெரு குறைவு. அங்கே கனிமச் சந்தையில் ஒருவர் ஆசையாக வாங்கி, ஊருக்கு அனுப்பி வைத்திருக்கிறார். பெயர் ஆட்டுனைட். பர்கண்டிப் பகுதியில் ஓத்தன் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்ததால் 1852-இல் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். கால்சியம், பாஸ்பேட், தண்ணீர், யுரேனியம் சேர்ந்த கனிமம் அது. நல்ல துண்டாக இருந்தால் எடையில் ஏறக்குறைய பாதி யுரேனியம்தான்.

இப்படி ஒன்று உங்கள் ஷோகேஸிலும் இருக்கலாம். பதற வேண்டாம். ஆனால் நாளைக்கு என்று தள்ளவும் வேண்டாம்.

செய்ய வேண்டியவை

• கல்லின் பெயரை முதலில் கண்டுபிடியுங்கள். கொடுத்தவருக்கு இன்றே போன் போடுங்கள். எங்கே வாங்கினார், சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று கேளுங்கள். பெயர் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். ஃப்ளோரைட், கால்சைட் என்று வந்தால் தாராளமாக ஷோகேஸிலேயே இருக்கட்டும். ஆட்டுனைட், மெட்டா ஆட்டுனைட், டார்பர்னைட், யுரேனினைட் என்று வந்தால் மேலே படியுங்கள்.

• இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், வெளியிலிருந்து பார்க்கும்படி. இந்த ஒன்றை மட்டுமாவது செய்துவிடுங்கள். ஆட்டுனைட் மிக மென்மையான கனிமம்; நகம் பட்டாலே கோடு விழும். அதைவிடப் பெரிய தொல்லை, அது தன்னுள் இருக்கும் தண்ணீரைக் காற்றில் விட்டுவிடும். காய்ந்தால் மெட்டா ஆட்டுனைட்டாக மாறி, பழைய சுண்ணாம்புச் சுவர்போல் பொரிந்து உதிரும். நம் ஊரில் சித்திரை வெயிலும் நாள் முழுக்கச் சுற்றும் ஃபேனும் போதும். உதிரும் ஒவ்வொரு செதிலும் யுரேனியத் தூள்.

• தொட வேண்டியிருந்தால் கையுறை போடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். யுரேனியம் விடும் ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது, ஒரு தாளே அதைத் தடுத்துவிடும். சோற்றோடோ மூச்சோடோ உள்ளே போனால் தடுக்க எதுவும் இல்லை. ஈயத்தைப் போல யுரேனியமும் நச்சு உலோகம். கதிர்வீச்சு ஒரு பக்கம் இருக்க, ரசாயனமாகவே சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

• உதிர்ந்த தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். துணியை ஜிப்லாக் கவரில் போட்டு, கல் இருக்கும் டப்பாவோடு சேர்த்து வையுங்கள். அடியில் விரித்த தாளையும் மடித்து அதிலேயே போடுங்கள்.

• டப்பாவைக் காற்று ஓடும் இடத்தில் வையுங்கள். யுரேனியம் சிதைந்துகொண்டே போகையில் நடுவில் ரேடான் என்ற வாயு பிறக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை, காற்றைவிடக் கனம். 3.8 நாளில் பாதியாகக் குறையும், ஆனால் கல் புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பல நாடுகளில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகையிலைக்கு அடுத்த காரணம் ரேடான்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சின்னக் கல்லால் வீடு நிறைந்துவிடாது. பூட்டிய பீரோவிலும் ஏ.சி. போட்டு மூடிய படுக்கையறையிலும்தான் தேங்கும். திண்ணைப் பக்கத்து அலமாரியோ, ஜன்னல் உள்ள ஸ்டோர் ரூமோ போதும்.

• ஆட்கள் உட்காரும், படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் உங்கள் மேல் விழும் கதிர் கால் பங்காகிவிடும். செலவில்லாத பாதுகாப்பு இது.

• அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள். 1983-இல் தொடங்கிய மத்திய அமைப்பு, தலைமையகம் மும்பை. தெற்கு மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. யுரேனியத் தாது அணுசக்திச் சட்டங்களின் பிடியில் உள்ள பொருள். கையளவு மாதிரிதானே என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாமல், வைத்திருக்கலாமா, ஒப்படைக்க வேண்டுமா என்று அவர்களிடமே கேளுங்கள். போட்டோவும் எடையும் சேர்த்து அனுப்புங்கள்.

செய்யக்கூடாதவை

• டார்ச்சை நம்பாதீர்கள். ஒளிர்ந்தால் கதிர்வீச்சு, ஒளிராவிட்டால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள், இரண்டுமே தப்பு. அதே டார்ச்சைத் தோட்டத்துத் தேள் மேல் அடித்துப் பாருங்கள், நீலப் பச்சையாக மின்னும். தேளில் ஏது யுரேனியம்?

ஒளியும் கதிரும் வேறு வேறு என்று உலகுக்குத் தெரிய வந்ததே யுரேனியத்தால்தான். 1896 பிப்ரவரியில் பாரிஸில் ஆன்றி பெக்கெரல் யுரேனிய உப்பை வெயிலில் வைத்து, அது ஒளிர்வதால்தான் போட்டோ தகடு கறுக்கிறது என்று நினைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். வானம் மூடிவிட்டது. உப்பையும் தகட்டையும் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். மார்ச் 1 அன்று தகட்டைக் கழுவிப் பார்த்தால், இருட்டிலேயே நன்றாகக் கறுத்திருந்தது. வெயிலும் இல்லை, ஒளிர்வும் இல்லை, கதிர் மட்டும் வேலை செய்திருக்கிறது. இரண்டு வருடம் கழித்து மேரி க்யூரியை ரேடியம் பக்கம் இழுத்தவை பிட்ச்பிளெண்ட், டார்பர்னைட் என்ற இரண்டு தாதுக்கள். பிட்ச்பிளெண்ட் கன்னங்கரேல் என்று கிடக்கும், எந்த டார்ச்சுக்கும் அசையாது. டார்பர்னைட் மரகதப் பச்சை. அதில் உள்ள செம்பு ஒளிர்வை அமுக்கிவிடும். ஷோகேஸில் இருட்டாக நிற்கும் கல்தான் அதிகக் கதிர் வீசுவதாக இருக்கலாம். சந்தேகம் தீர வேண்டுமானால் கைகர் கவுன்ட்டர்தான் வழி.

• ஊதாதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வாக்குவம் கிளீனரும் வேண்டாம். எல்லாமே தூளை மூக்குக்கு ஏற்றும் வழிகள்.

• உடைத்துப் பங்கு போடாதீர்கள். ஒரு கல்லில் இருக்கும் அபாயத்தை நாலு வீட்டுக்குப் பிரித்துக் கொடுப்பதாகிவிடும்.

• பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். கொலுவுக்கு வேண்டாம், ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கும் வேண்டாம். விரல் வாய்க்குப் போகும் வயதில் சொல்லி நிறுத்த முடியாது, பொருளைத்தான் அப்புறப்படுத்த வேண்டும்.

• கழுத்தில் தொங்கவிடாதீர்கள். ‘சக்தி பதக்கம்’, ‘அயனி வளையல்’, ‘5ஜி தடுப்பு’ என்று பக்கத்து வீட்டுக்காரரே சங்கிலி வியாபாரத்தில் கொண்டுவந்து விற்பார். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பத்துப் பொருள்களைச் சோதித்து, எல்லாவற்றிலும் கதிர்வீச்சு இருக்கிறது, போடாதீர்கள் என்று பகிரங்கமாக எச்சரித்தது. அதில் கண்ணுக்குக் கட்டிக்கொண்டு தூங்கும் பட்டை ஒன்று, குழந்தைக்குப் போடும் வளையல் ஒன்று. கல் டப்பாவில் இருப்பது வேறு, நெஞ்சில் இரவும் பகலும் ஒட்டிக் கிடப்பது வேறு. உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே கழற்றி மூடி வையுங்கள்.

• இலங்கைப் பச்சைக் கல் என்று சொன்னால் சோதிக்காமல் மோதிரம் கட்டாதீர்கள். அங்கே ரத்தினச் சரளையில் ஏகனைட் என்ற பச்சைக் கல் கிடைக்கிறது. 1953-இல் கண்டெடுத்த ஏகநாயக்கவின் பெயரைத் தாங்கிய கல் அது. அழகுதான், ஆனால் தோரியமும் யுரேனியமும் உள்ளது. இலங்கை மண்ணுக்கு இது புதிதல்ல. 1904-இல் அங்கே தோரியனைட் என்ற கதிர்வீசும் கனிமத்தைக் கண்டுபிடித்தவர், பின்னால் சிவ தாண்டவத்தைப் பற்றி உலகுக்கு எழுதிய ஆனந்த குமாரசுவாமி. அப்போது அவர் அங்கே கனிம ஆய்வின் தலைவர்.

• ‘நம்ம ஊரில் தோண்டும்போது கிடைத்தது’ என்று எவர் வந்தாலும் நம்பாதீர்கள். தருமபுரத்தில் யாழ்மூரிநாதர் கோயிலைச் சுற்றி எங்கே கடப்பாரை போட்டாலும் வருவது காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களியும் மணலும். டெல்டாவில் கெட்டிப் பாறை இருப்பது பாதாளத்தில். அது ஓ.என்.ஜி.சி. துளைக்கும் ஆழம், மண்வெட்டிக்கு எட்டாது. இங்கே கையில் கிடைக்கும் கல் எதுவானாலும் வேறு எங்கிருந்தோ வந்தது.

• வாங்க, விற்க, ‘பார்ட்டி காட்ட’ போகாதீர்கள். 2021 மே மாதம் மகாராஷ்டிராவில் 7.1 கிலோ யுரேனியத்தோடு இரண்டு பேரைப் பிடித்தார்கள்; மதிப்பு 21 கோடி என்றது போலீஸ். அடுத்த மாதமே ஜார்க்கண்டின் பொக்காரோவில் ஆறு கிலோவுக்கு மேல் சிக்கியது. சோதித்தால் அது யுரேனியமே இல்லை. நிஜமாக இருந்தால் ஜெயில், போலியாக இருந்தால் போட்ட பணம் போச்சு. ரைஸ் புல்லர், இரிடியம் என்று சொன்ன மோசடிக்காரர்களை நம்பி நிலத்தை விற்றவர்களைப் பார்த்துவிட்டோம். அதே ரக மோசடிக்காரர்கள்தான் இப்போது யுரேனியம் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

• விமானத்தில் எடுத்து வராதீர்கள், எடுத்துப் போகவும் வேண்டாம். பயணியின் பெட்டியில் கதிர்வீச்சுப் பொருளுக்கு இடமில்லை. பிரான்ஸில் உள்ள உறவினருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். அவர் அன்பாகத்தான் அனுப்புகிறார், விஷயம் தெரியாது.

• குப்பையில் போடாதீர்கள், அரசலாற்றில் வீசாதீர்கள், பழைய இரும்புக் கடைக்குத் தராதீர்கள். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் என்ன நடந்தது? பல்கலைக்கழகம் ஏலத்தில் தள்ளிவிட்ட பழைய கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. காயலான் கடையில் தெரியாமல் பிரித்தார்கள். ஒருவர் செத்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். உங்கள் கல் அந்த அளவு வீரியம் இல்லை. ஆனால் பாதிக்கப்படுகிற ஆள் அதே ஆள்தான்: குப்பையைக் கையால் கிளறுபவர்.

• தானாக ஒளிரும் தூளைத் தொடவே தொடாதீர்கள். ஆட்டுனைட் டார்ச் அடித்தால்தான் ஒளிரும். வெளிச்சமே படாமல் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தும் மினுங்குகிறது என்றால் அது வேறு ரகம். 1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிட்ட ஆஸ்பத்திரி மிஷினிலிருந்து எடுத்த சீசியம் இரவில் நீலமாக ஒளிர்ந்தது. அதிசயம் என்று வீட்டுக்கு எடுத்துப்போய் உடம்பில் பூசிக்கொண்டார்கள். நாலு பேர் இறந்தார்கள், அதில் ஒருத்தி ஆறு வயதுக் குழந்தை. அப்படி எதைக் கண்டாலும் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி 112-க்குப் போன் செய்யுங்கள். அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படை இதற்குப் பயிற்சி பெற்றது.

• கடற்கரைக் கறுப்பு மணலைக் கண்டு மிரளாதீர்கள். அலை விட்டுப்போகும் கறுப்பு வரி பெரும்பாலும் இரும்பும் டைட்டானியமும்தான், காந்தம் காட்டினால் கொஞ்சம் ஒட்டும். மோனசைட் என்ற கனிமம் அதிகம் உள்ள மணவாளக்குறிச்சி போன்ற இடங்களின் மணல் வேறு கதை. அதில் தோரியம் நிறைய, யுரேனியமும் சிறிது. அங்கே போய் நின்று பார்க்கலாம், பாட்டிலில் அள்ளி வராதீர்கள்.

சித்தி வீட்டுக் கல் இப்போது டப்பாவுக்குள், பின்கட்டு ஜன்னலோர அலமாரியில் இருக்கிறது. டப்பாவின் மேல் மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம்: ‘யுரேனியத் தாது. திறக்காதீர்கள். பிள்ளைகள் தொடக்கூடாது.’ நீங்களும் எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள், இன்றே ஒட்டுங்கள். யுரேனியம் பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு ஆகும். அது என்ன கல் என்று சொல்ல நீங்கள் அத்தனை நாள் அந்த வீட்டில் இருக்க மாட்டீர்கள்.