பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு மாற்று உறுப்புகள்

தில்லியில் முனிர்காவில் வசிக்கும் ஒருவரிடம் 1955-ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற எம்.ஜி. மாக்னெட் கார் ஒன்று உள்ளதாகக் கொள்வோம். அதன் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. இத்தகைய கார்கள் நம் நாட்டில் மிக அரியவை. எனினும் அவர் முனிர்காவில் மெட்ரோ ரயிலேறி, ஹவுஸ் காஸில் வண்டி மாறி, காஷ்மீரி கேட்டிலுள்ள உதிரி உறுப்புக் கடைகளுக்குச் சென்றால் வேண்டியது கிடைக்கக்கூடும். ஆனால் மாக்னெட் என்று கேட்டால் பயனில்லை. அம்பாஸடர் என்று கேட்டல் வேண்டும்.

மாக்னெட்டும் மாரிஸ் ஆக்ஸ்போர்டும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்னும் ஒரே நிறுவனத்தின் கார்கள். ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையே, உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாஸடர். அதன் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினும் மாக்னெட்டின் எஞ்சினும் ஒரே குடும்பத்தவை. உருளையின் விட்டம் 7.3025 செ.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 8.89 செ.மீ.; உருளைகள் நான்கு. இவற்றிலிருந்து எஞ்சினின் கொள்ளளவைக் கணக்கிடுமாறு ஆசிரியர்கள் மாணவரிடம் கூறலாம்.

விட்டம் ஒன்றாயிருப்பதால் யாவும் ஒன்றென்று கொள்ளலாகாது. மாக்னெட்டுக்கு இரண்டு கார்புரேட்டர்கள், அம்பாஸடருக்கு ஒன்றே. வளையத்தின் தடிப்பையும் அளந்து பார்த்தல் வேண்டும். பிற்கால அம்பாஸடர்களில் இசுசூ எஞ்சின் பொருத்தப்பட்டதால், கடைக்காரரிடம் எஞ்சினின் வகையையும் தெளிவாகக் கூறுதல் நலம்.

சென்னையில் 1961 முதல் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இவ்வாறே பிற கார்களுக்கு உதவும். அதன் மூலமான டிரையம்ப் ஹெரால்டின் முன்சக்கரத் தாங்கியை லோட்டஸ் செவன் போன்ற சிறு கார்களும் ஏற்றன.

உண்மையான இடர்ப்பாடு திருகுபுரியில் உள்ளது. பழைய பிரிட்டிஷ் கார்களில் விட்வொர்த் முறையில் அமைந்த புரிகள் இருந்தன. அவற்றின் கோணம் 55 பாகை. 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் ஒப்புக்கொண்ட ஒருங்கிணைந்த புரியின் கோணம் 60 பாகை. கால் அங்குலப் பருமனில், இரு முறைகளின் பருபுரிக்கும் அங்குலத்துக்கு 20 சுற்றுகளே. ஆதலின் ஒன்றின் போல்ட்டில் மற்றதன் நட்டு ஏறிவிடும். ஆனால் புரியின் பக்கங்கள் செவ்வையாகப் படிவதில்லை. அரை அங்குலத்திலோ ஒன்றுக்கு 12, மற்றதற்கு 13. இங்கே வேடிக்கையொன்று உண்டு: ஹிந்துஸ்தான் 10 காருக்கு மூலமான மாரிஸ் டென் எஞ்சினின் புரிகள் மெட்ரிக் அளவின, போல்ட்டின் தலைகளோ விட்வொர்த் சாவிக்கு ஏற்றவை! கையிலுள்ள சாவி பொருந்தியது கொண்டு புரியை முடிவு செய்பவர் இங்கே ஏமாறுவார்.

பிரேக் குழாயில் இத்தவறு உயிருக்கே ஊறு செய்யும். பல பிரிட்டிஷ் கார்களின் குழாய் நட்டு எட்டில் மூன்று அங்குல விட்டமும் (9.525 மி.மீ.) அங்குலத்துக்கு 24 சுற்றுகளும் உடையது, அதன் புரியிடைத் தூரம் 1.058 மி.மீ. இக்காலக் கார்கள் பலவற்றில் விட்டம் 10 மி.மீ., புரியிடைத் தூரம் 1 மி.மீ. அங்குல நட்டை மெட்ரிக் துளையில் இட்டால் அது சில சுற்றுகள் தடையின்றி ஏறிப் பின் இறுகும். இறுகியதே பொருந்தியதற்கு அடையாளமெனத் தோன்றும். புரியின் ஆழத்தில் பாதியளவே பற்றியிருக்கும். எண்ணெய்க் கசிவைக் கொண்டும் இதனைக் கண்டறிய இயலாது. ஏனெனில் கசிவைத் தடுப்பது புரியன்று, குழாயின் விரிந்த முனையே. அவசரமாகப் பிரேக்கை மிதிக்கும் பொழுது அழுத்தம் மிகுந்து புரி அறுந்துபோகலாம்.

“சிறிது பலமாகத் திருகினால் ஏறிவிடும்” என்னும் பேச்சைக் களப்பணியாளர் ஏற்கலாகாது. துளை, நட்டு இரண்டையும் துடைத்து, நட்டைப் புரிமானியிலும் வெர்னியர் அளவியிலும் பாருங்கள். துளைக்கு, அளவு தெரிந்த நட்டொன்றைச் சாவியின்றி விரலால் மட்டும் கடைசிச் சுற்று வரை ஏற்றிப் பாருங்கள். பொருந்தாவிடில், குழாயின் முனையை வெட்டி, துளைக்குரிய நட்டைக் கோத்து, முனையை அதற்குரிய வடிவில் புதிதாக விரித்தல் வேண்டும்.