மிதிவண்டிப் பயணமும் கைபேசி வானிலையும்

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டம் திருமலையில் பட்டுத் தறி வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த வாசகர் ஒருவர், நெய்து முடித்த சேலைகளை மிதிவண்டியில் ஆரணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பாவும் ஜரிகையும் வாங்கித் திரும்புவது தம் வீட்டு வழக்கம் என்று எழுதியுள்ளார். கைபேசியில் முந்தைய இரவு ‘மழை 60 விழுக்காடு’ என்று காட்டிய நாளில் வானம் வெளுத்துக் கிடப்பதையும், ‘20 விழுக்காடு’ என்று காட்டிய நாளில் மாலைக்குள் சரக்கு நனைந்துவிடுவதையும் குறிப்பிட்டு, இந்தச் செயலிகளில் எதை நம்பிப் புறப்படுவது என்று அவர் கேட்டுள்ளார்.

பதில்: வானிலைச் செயலிகள் பொய் சொல்வதில்லை, ஆனால் அவை எந்தக் கேள்விக்கு விடை தருகின்றனவோ அந்தக் கேள்வியைத்தான் நாமும் கேட்கிறோமா என்பதில்தான் குழப்பம் முழுவதும் இருக்கிறது. 60 விழுக்காடு என்ற எண்ணை, பகலில் 60 விழுக்காட்டு நேரம் மழை பெய்யும் என்றோ, பெய்தால் கனமாகப் பெய்யும் என்றோ பலர் படிக்கின்றனர். இரண்டுமே தவறு. குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட நேர இடைவெளிக்குள், அளக்கக்கூடிய அளவு மழை விழுவதற்கான வாய்ப்பையே அது குறிக்கிறது. அந்த மழை ஒரு தூறலாகவும் இருக்கலாம், தெருவில் ஆறாக ஓடும் பெருமழையாகவும் இருக்கலாம். அதே எண் காட்டப்பட்ட நாள்களைத் தொகுத்துப் பார்த்தால், பத்து நாளில் ஆறு நாள் நனைந்தும் நான்கு நாள் காய்ந்தும் இருந்தால் செயலி சரியாகவே கணித்திருக்கிறது என்று பொருள். ஆகவே, வெளுத்துப்போன ஒரு நாளை வைத்து அதைக் குறை கூற இடமில்லை.

இந்த எண் பிறக்கும் விதத்தை அறிந்தால் அதன் எல்லையும் தெரியும். காற்றுமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம் ஆகியவை எப்படி மாறும் என்பதை இயற்பியல் சமன்பாடுகளால் கணிக்கும் பெரிய கணினி நிரலுக்கு ‘வானிலை மாதிரி’ என்று பெயர். தொடக்க நிலவரத்தைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே மாதிரியைப் பல முறை ஓட்டுவது ‘தொகுப்புக் கணிப்பு’ எனப்படும். ஐரோப்பிய இடைக்கால வானிலை முன்னறிவிப்பு மையம் இவ்வாறு 51 ஓட்டங்களை நடத்துகிறது. அவற்றில் ஏறத்தாழ 30 ஓட்டங்கள் ஓரிடத்தில் மழை காட்டினால், பிழைத்திருத்தங்களுக்கு முன், அங்கே 60 விழுக்காடு என்று கொள்ளலாம். அந்த மையத்தின் மாதிரியில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 9 கி.மீ.; அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரியில் சுமார் 13 கி.மீ.; 2025 மே மாதம் இந்தியா நடைமுறைக்குக் கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் 6 கி.மீ. ஓர் இடிமேகத்தின் மழைத்தாரை விழும் பரப்பு பல வேளைகளில் இந்தக் கட்டத்தைவிடச் சிறியது என்பதால், அருகிலுள்ள வடமாதிமங்கலத்தில் கொட்டும் மழை திருமலையில் ஒரு துளியும் விழாமல் போவதை மாதிரியால் முன்கூட்டிப் பிரித்துச் சொல்ல இயலாது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மாவட்ட அறிக்கைகளில் வரும் ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொற்றொடர் இந்த உண்மையை ஒளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. அது அலங்காரத் தொடர் அன்று, அளவுள்ள கலைச்சொல்; ஒரு பரப்பிலுள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குவரை மட்டுமே மழை பதிவாகும் என்பது அதன் பொருள். திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அப்படி அறிவித்த நாளில் போளூரில் மழை பெய்து ஆரணி காய்ந்திருந்தால், அந்த அறிவிப்பு பலித்தது என்றே கொள்ள வேண்டும்.

இனி, இந்தப் பகுதியின் மழை எப்படி வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். செயலியை எந்த மணிக்குத் திறப்பது என்பது அதைப் பொறுத்தே அமைகிறது. தமிழகக் கடற்கரை மாவட்டங்கள் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்க, வேலூர், திருவண்ணாமலை போன்ற வட உள்மாவட்டங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக் காலத்திலும் கணிசமான மழையைப் பெறுகின்றன. அந்த மழையின் பெரும்பகுதி வெப்பச்சலன மழை. அதாவது, பகல் வெயிலில் சூடேறிய தரைக்காற்று ஈரத்தோடு மேலெழுந்து, குளிர்ந்து, இடிமேகமாகத் திரண்டு கொட்டும் மழை. மேற்கே ஜவ்வாது மலை போன்ற மேட்டுநிலங்களில் பிற்பகலில் இம்மேகங்கள் முளைத்து, மேலடுக்கில் வீசும் மேற்குக் காற்றால் கிழக்கு நோக்கி நகர்ந்து, மாலையில் போளூர், ஆரணி வட்டாரத்தைக் கடந்து, இரவில் சென்னையை எட்டுவது இக்காலத்தில் அடிக்கடி காணும் நிகழ்ச்சி. எந்தச் சரிவில் முதல் மேகம் முளைக்கும் என்பது அன்றைய நண்பகலுக்குப் பிறகுதான் முடிவாகிறது என்பதால், முந்தைய இரவில் காட்டப்படும் மேகப் படத்துக்கு இந்தப் பருவத்தில் மிகுந்த மதிப்புக் கொடுப்பது பொருந்தாது. செயலியில் அன்று பிற்பகல் 3 மணிக்குத் தெரியும் கணிப்பும் புதியது என்று கருதிவிடலாகாது. பெரிய மாதிரிகள் உலகப் பொது நேரப்படி ஓட்டப்படுவதால், இந்திய நேரம் காலை 5.30 மணி நிலவரத்தை வைத்துச் செய்த கணக்கே பல மணி நேரக் கணிப்புக்குப் பின் அப்போது திரைக்கு வந்திருக்கும்.

அந்த வேளையில் கைகொடுப்பது ரேடார். வானிலை ரேடார் நுண்ணலைகளை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் வலிமையை ‘டிபிஇசட்’ என்ற அலகில் காட்டுகிறது; 20க்கு அருகிலுள்ள மதிப்பு தூறலையும், 40க்கு மேற்பட்டது கனத்த மழையையும், 50ஐத் தாண்டியது ஆலங்கட்டியும் விழக்கூடிய கடும் இடிமேகத்தையும் குறிக்கும். சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் இயங்கிவரும் டாப்ளர் ரேடாரிலிருந்து திருமலை நேர்கோட்டில் சுமார் 130 கி.மீ. தொலைவில் உள்ளது. பூமியின் வளைவாலும் கதிரின் ஏற்றக்கோணத்தாலும் அந்தத் தொலைவை அடையும்போது மிகத் தாழ்ந்த ரேடார்க் கதிர்கூடத் தரைக்கு மேல் ஏறத்தாழ 2 கி.மீ. உயரத்தில் இருக்கும். பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் வளரும் கோடை இடிமேகத்தை இந்தக் கதிர் தவறாமல் காணும். கார்த்திகை, மார்கழியில் தாழ்ந்த மேகத்திலிருந்து பொழியும் மெல்லிய தூறலை அது தவறவிடக்கூடும். ஆகவே, ஆடி மாதத்து மாலையில் ரேடார்த் திரை வெறுமையாக இருந்தால் துணிந்து புறப்படலாம்; மார்கழியில் அதே வெறுமையை அவ்வளவு நம்ப இயலாது.

ரேடார்ப் படத்தைப் படிப்பது கடினமன்று. புவி அறிவியல் அமைச்சகம் 2020 ஜூலையில் வெளியிட்ட ‘மௌசம்’ செயலியிலும், வானிலைத் துறையின் இணையதளத்திலும் இப்படங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரே படத்தைப் பார்ப்பதால் பயன் குறைவு. அடுத்தடுத்த மூன்று நான்கு படங்களை ஒப்பிட்டு, சிவந்த திட்டு எந்தத் திசையில், எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கணக்கிட வேண்டும். ஜவ்வாது மலைமேல் நிற்கும் மேகம் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கிழக்கே வருவதாக வைத்துக்கொண்டால், கைக்கு வரும் படம் 20 நிமிடம் பழையதாயின், மேகம் படத்தில் உள்ளதைவிட 10 கி.மீ. நெருங்கிவிட்டது என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். புதிய மேகம் பழைய மேகத்தின் முன்விளிம்பில் முளைக்கும் பழக்கமும் உண்டு. எனவே கணக்குப்படி கிடைக்கும் நேரத்தில் பாதியையே கையிருப்பாகக் கொள்வது நல்லது. ‘மௌசம்’ செயலியில் ‘நௌகாஸ்ட்’ என்ற பெயரில், அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கையும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் தரப்படுகிறது.

புயல், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் போன்ற பெரிய அமைப்புகளின் கதை வேறு. பல நூறு கிலோமீட்டர் பரந்த இவற்றை மாதிரிகள் பல நாள்களுக்கு முன்பே இனங்காண்கின்றன. ஆனால் உச்சமழை எங்கு விழும் என்பதில் அங்கும் இடைவெளி இருக்கிறது. 2024 நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பின்னரும் உள்நாட்டில் மெல்ல நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது; திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் ரேடாரில் இடைவெளி தேடி மிதிவண்டியை எடுப்பது சேலைக்கு மட்டுமன்றி உயிருக்கும் ஆபத்து. அந்நாள்களில் ஏரி நிரம்பிச் சாலைமேல் ஓடும் நீரின் ஆழத்தை எந்தச் செயலியும் காட்டாது.

மேற்கூறியவற்றை இந்த வாசகரின் பயணத்துக்குப் பொருத்தினால், ஜூன் முதல் செப்டம்பர் வரை விடிந்ததும் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பிவிடுவதே சிறந்தது. மழைவாய்ப்பு எண்ணை முழுநாளுக்கெனப் பாராமல் மணிவாரியாகப் பார்த்தால், பெரும்பாலான நாள்களில் அந்த வாய்ப்பு பிற்பகலிலேயே குவிந்திருப்பது தெரியவரும். ஆரணியில் பாவு கிடைக்கத் தாமதமாகிப் பிற்பகல் ஆகிவிட்டால், மேற்குத் திசை ரேடாரைப் பார்த்த பின்பே வண்டியை எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் மழை இரவிலும் விடியலிலும்கூட வரும் என்பதால் இந்த நேர ஒழுங்கு அப்போது செல்லாது. எந்தப் பருவமாயினும் பட்டையும் ஜரிகையையும் இரட்டைப் பாலிதீன் உறையில் கட்டுவதைச் செயலியின் சொல்லை நம்பிக் கைவிடலாகாது. நீர்க்கறை படிந்த ஒரு சேலை பல நாள் உழைப்பின் கூலியைக் குறைத்துவிடும்.

கேள்வி: நேமிநாதர் சிலையையும் குகை ஓவியங்களையும் காண ஆரணியிலிருந்து திருமலைக்கு விடுமுறை நாள்களில் மிதிவண்டியில் செல்லும் கல்லூரி மாணவர் ஒருவர், செயலியில் காற்று மணிக்கு 15 கி.மீ. என்று காட்டுவது பொருட்படுத்தத்தக்கதா என்றும், வழியில் இடி இடித்தால் செய்ய வேண்டியது என்ன என்றும் கேட்டுள்ளார்.

பதில்: மிதிவண்டியைப் பொறுத்தவரை மழையைவிடக் காற்றே பயணத்தைப் பெரிதும் மாற்றுகிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. காற்றின் தடை, வண்டிக்கும் காற்றுக்கும் இடையிலான சார்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கு எதிரே 15 கி.மீ. காற்று வீசினால் சார்பு வேகம் 35 ஆகி, காற்றுத்தடை மூன்று மடங்காகிறது. செயலி காட்டும் வேகம் தரைக்கு மேல் 10 மீட்டர் உயரத்துக்குரியது என்பதால், மரங்களும் வீடுகளும் உள்ள இடத்தில் ஓட்டுபவர் உணர்வது அதைவிடக் குறைவாக இருக்கும். அறுவடை முடிந்த வயல்வெளியில் அந்தக் குறைவு பெரிதாக இராது.

திருமலை ஆரணிக்குத் தென்மேற்கே அமைந்திருப்பதால் ஆடிக் காற்று போகும்போது எதிர்க்காற்றாகவும் திரும்பும்போது பின்காற்றாகவும் அமைகிறது. களைப்பில்லாத காலையில் காற்றை எதிர்த்துச் சென்று, களைத்த பின் அதன் துணையோடு திரும்பும் இந்த அமைப்பு நன்மையானதே. மார்கழியில் வடகிழக்குக் காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகிறது. போகும் எளிமையைக் கண்டு மயங்கித் திரும்பும் நேரத்தைக் குறைவாக மதிப்பிடலாகாது. காற்றின் பெயர் அது புறப்படும் திசையைக் குறிக்கையில், சில செயலிகளில் அம்புக்குறி அது செல்லும் திசையைக் காட்டுவதால், முதல் முறை ஒரு கொடியையோ தென்னங்கீற்றையோ பார்த்து அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இடியைப் பொறுத்தவரை, புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, நாடெங்கும் நிறுவிய உணரிகளைக் கொண்டு மின்னல் விழுந்த இடங்களைக் கண்டறிந்து, பயனர் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 முதல் 40 கி.மீ. வரையிலான வட்டத்தில் எச்சரிக்கிறது. கைபேசி பையில் இருக்கும்போது காதே கருவி. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிட்டால், 30 விநாடிக்குள் ஓசை கேட்பது மின்னல் 10 கி.மீ.க்குள் இருப்பதைக் காட்டும். அப்போதே கான்கிரீட் கட்டடம் ஒன்றினுள் ஒதுங்கி, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்பே புறப்பட வேண்டும். சாலையோரப் புளியமரமும் வயல் நடுவே நிற்கும் ஒற்றைப் பனையும் ஒதுங்குவதற்கு மிகத் தகாத இடங்கள். ரப்பர் டயர் மின்னலைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. மேகத்திலிருந்து கிலோமீட்டர்க் கணக்கில் காற்றைத் துளைத்து வரும் மின்சாரத்துக்கு ஓர் அங்குல ரப்பர் தடையாகாது. திருமலையின் பாறைமேல் நிற்கையில் மேற்கே இடி கேட்டால், ஓவியங்களைக் காணாவிட்டாலும் உடனே கீழிறங்கிவிட வேண்டும்.

கேள்வி: கத்திரி வெயிலில் செயலி காட்டும் ‘உணரும் வெப்பநிலை’யை வைத்துப் பயண நேரத்தைத் தீர்மானிக்கலாமா என்று போளூர் வாசகர் ஒருவர் கேட்டுள்ளார்.

பதில்: ஓரளவுக்கே இயலும். அந்த எண் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து நிழலுக்கெனக் கணிக்கப்படுவது. நேர்வெயிலின் கதிர்வீச்சும் தார்ச்சாலையிலிருந்து எழும் வெம்மையும் பொதுவாக அதில் அடங்குவதில்லை. ஆகவே செயலி 40 என்று காட்டும் பிற்பகலில் சாலையில் செல்பவரின் உடல் அதைவிடக் கூடுதலான சுமையைத் தாங்குகிறது. ஓட்டும்போது எதிர்ப்படும் காற்று வியர்வையை உலர்த்திக் குளிர்விக்கும். ஆனால் பின்காற்றின் வேகமும் வண்டியின் வேகமும் சமமாகும்போது உடலைச் சுற்றிக் காற்றே அசையாது என்பதால், எளிதாகத் தோன்றும் பின்காற்றுப் பயணமே கோடையில் மிகுந்த வெப்பச் சோர்வைத் தரக்கூடும். மே மாதத்தில் இப்பகுதியில் சூரியன் காலை 6 மணிக்குச் சற்று முன்னரே உதிப்பதால், 9 மணிக்குள் முடியும் பயணங்களைத் திட்டமிடுவதும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீராகாரமோ உப்பிட்ட மோரோ அருந்துவதும் போதிய பாதுகாப்பாகும்.