எழுந்து நிற்கும் வலிமை

முதுமையில் உடல் பலம் குறைவது இயற்கை. அதை மறுப்பார் இல்லை. ஆனால் அந்தக் குறைவில் இயற்கையின் பங்கு எவ்வளவு, நமது பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதே விவேகம். இந்தப் பகுத்தறிவு இல்லாததால், தவிர்க்கக்கூடிய துன்பங்களையும் விதி என்று ஏற்றுக்கொள்ளும் தாய்மார்கள் பலர்.

எழுபது வயதைக் கடந்த ஒரு தாய், தரையில் அமர்ந்து பூஜை செய்வதை ஒருநாள் நிறுத்திவிடுகிறார். அமர முடிகிறது, எழுந்திருக்கத்தான் மருமகளின் கை வேண்டியிருக்கிறது. சில மாதங்களில் கோயில் படிகள் கடினமாகின்றன. பின்னர், இரவில் எழுந்து குளியலறைக்குத் தனியே செல்ல அஞ்சி, மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியவை. ஒன்றுசேரும்போதோ அவரது சுதந்திரத்தையே பறித்துவிடுகின்றன. ஒருநாள் கால் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பழைய நடை திரும்பாமலே போய்விடலாம்.

பலம் ஏன் குறைகிறது?

நடுத்தர வயதிலிருந்தே தசையின் அளவு சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகிறது. தசை குறைவதைக் காட்டிலும் அதன் வலிமை வேகமாகக் குறைகிறது. இந்த நிலைக்கு 1989-இல் இர்வின் ரோசன்பர்க் என்ற அறிஞர் ‘சார்க்கோபீனியா’ என்று பெயரிட்டார். ‘தசை இழப்பு’ என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். பெண்களுக்கு இதில் இரட்டைச் சுமை உண்டு. இளமையிலேயே அவர்களது தசையும் எலும்பும் ஆண்களுடையதைவிடக் குறைவு. மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் எலும்பும் விரைவாகத் தேய்கிறது. விழுவதற்கான வாய்ப்பும், விழுந்தால் முறிவதற்கான வாய்ப்பும் ஒருங்கே கூடுகின்றன.

இழந்த பலம் திரும்புமா?

திரும்பும் என்பதே ஆராய்ச்சிகள் தரும் விடை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த சுமார் 90 வயதுடைய ஆண்களுக்கும் பெண்களுக்கும் எட்டு வாரங்கள் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். 1990-இல் அதன் முடிவு வெளியாயிற்று. பயிற்சியை முடித்தவர்களின் கால்வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்திருந்தது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டனர். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் பலம் கணிசமாகக் குறைந்ததும் அப்போது தெரியவந்தது. வளர்வதற்கு வயது தடையில்லை. நிலைப்பதற்கோ இடைவிடாத அப்பியாசம் வேண்டும்.

அதே குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில் 63 பெண்களும் 37 ஆண்களும் பங்கேற்றனர். சராசரி வயது 87. பத்து வாரப் பயிற்சி பெற்றவர்களின் வலிமை 113 சதவீதம் உயர்ந்தது. பயிற்சியின்றி ஊட்டச்சத்துப் பானம் மட்டும் அருந்தியவர்களுக்குத் தசைப் பலவீனம் நீங்கவில்லை.

இதற்குக் கருவிகள் நிறைந்த கூடம்தான் வேண்டும் என்பதில்லை. நியூசிலாந்தின் டுனெடின் நகரில், 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களிடம் நிகழ்த்திய ஆய்வு 1997-இல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்குப் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடிச் சென்று, கால்வலிமைக்கும் சமநிலைக்கும் உரிய எளிய பயிற்சிகளைக் கற்பித்தார். ஓராண்டில் மற்றப் பாதியினர் 152 முறை விழுந்தனர். பயிற்சி செய்தவர்கள் விழுந்தது 88 முறை.

இரண்டு ஐயங்கள்

‘நாள் முழுதும் வீட்டுவேலை செய்கிறோமே, அது போதாதா?’ என்பது முதல் ஐயம். வேலை நல்லதே. ஆனால் பழகிய சுமை, இருக்கும் பலத்தைக் காக்குமே தவிரப் புதிய பலத்தைத் தருவது அரிது. சுமை படிப்படியாகக் கூடினால்தான் தசை வளரும்.

‘உடல் அழியக்கூடியது, இந்த வயதில் அதைப் பேணுவது தேகப் பற்று ஆகாதா?’ என்பது இரண்டாவது ஐயம். பேணுதல் வேறு, பற்று வேறு. விளக்கைத் துடைத்து வைப்பவர் வெளிச்சத்திற்காகவே துடைக்கிறார். எழுந்து நிற்கவே இயலாத உடல்தான் இரவும் பகலும் மனத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது.

பயிற்சி முறை

உறுதியான ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். அதில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, மெதுவாக எழுந்து, மெதுவாக அமருங்கள். தொடக்கத்தில் கைகளை ஊன்றிக்கொள்ளலாம். பத்து முறை எளிதாகும்போது கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு எழுங்கள். அதுவும் எளிதானால் ஒரு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள்.

அடுத்து, சமையல் மேடையைப் பற்றிக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குங்கள். பின்னர், அதே பிடிப்புடன் ஒரு பாதத்தின் முன் மற்றொரு பாதத்தை ஒரே கோட்டில் வைத்துப் பத்து விநாடிகள் நில்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலை, வலிமைப் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் அந்த அளவு நிறைவேறும்.

இதயநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முதுகை வளைத்து முன்னோக்கிக் குனியும் ஆசனங்களைத் தவிர்ப்பது நல்லது. மார்பு வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

குடும்பத்தின் கடமை

எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பது பல தாய்மார்களின் வழக்கம். அந்த எஞ்சியதில் சோறு இருக்கும். பருப்பும் தயிரும் இருப்பது ஐயமே. புரதம் இல்லாமல் தசை வளராது. அவர்களது தட்டில் பருப்பு, தயிர், சுண்டல் ஆகியவை முதலிலேயே இடம்பெறுவதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். தாய் எழ முயலும்போது உடனே கையைப் பிடித்துத் தூக்குவது அன்புதான். ஆனால் அருகில் நின்று, அவர் தாமாகவே எழுந்து நிற்கும்வரை காத்திருப்பது அதனினும் உயர்ந்த அன்பு.

சிந்தனைக்கு

1. கடந்த ஓராண்டில் முடியாது என்று விட்டுவிட்ட செயல்கள் எவை? அவற்றில் பயிற்சியால் மீளக்கூடியது எது?

2. இன்று கைகளை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது? எட்டு வாரங்களுக்குப் பின் எத்தனை முறை?

3. வீட்டிலுள்ள மூத்த தாய்க்கு நாம் செய்யும் உதவி அவரது பலத்தை வளர்க்கிறதா, குறைக்கிறதா?