தீபாவளிக்குள் கேரட் கிடைக்குமா?

கேள்வி: மொட்டை மாடியில் கேரட் போட ஆசை. ஆடிப் பட்டத்திலேயே விதைத்தால் சீக்கிரம் பறிக்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஆடி அவரைக்கும் வெண்டைக்கும் சரி, கேரட்டுக்குச் சரிப்படாது. கிழங்கு திரண்டு நல்ல நிறம் பிடிக்க 15 முதல் 20 டிகிரி வெப்பம்தான் உகந்தது. சமவெளியில் அதற்கு ஓரளவு பக்கத்தில் வருவது மார்கழி, தை. எனவே ஐப்பசியில் விதையுங்கள். தீபாவளியை மறந்துவிட்டுப் பொங்கலைக் குறி வையுங்கள்.

சீக்கிரம் வேண்டுமென்றால் 'நான்டிஸ்' போன்ற குறுகிய கால ரகம் வாங்குங்கள். நன்கு முற்ற மூன்று மாதம் பிடிக்கும். ஆனால் விரல் பருமனில் பிஞ்சாகவே பிடுங்கினால் அதற்கு முன்பே சாப்பிடலாம். பச்சையாகக் கடிக்க அதுதான் ருசி!

நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாதீர்கள்; வேர் கோணிவிடும். ஓரடி ஆழப் பையில் செம்மண், மணல், தென்னைநார்க் கழிவு கலந்து நேரடியாக விதையுங்கள். விதை பொடியாக இருக்கும். மணலோடு கலந்து தூவி, மேலே அரை சென்டிமீட்டர் மண் போதும். முளைக்க இரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை மேல்மண் காயவே கூடாது. ஈரச் சாக்கால் மூடி, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். அடைமழையில் விதை அடித்துக்கொண்டு போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சைச் சாணம் கூடவே கூடாது, கிழங்கு கவட்டையாகப் பிளக்கும். மக்கிய எரு மட்டும் போடுங்கள். நாலு இலை வந்ததும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று விட்டு மீதியைக் களைந்துவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் களையாவிட்டால் வெறும் தழைதான் மிஞ்சும்.